பெரிய போட்டிகளில் ஜெயிக்காத இளம் ஓபரா பாடகருக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. ஐரோப்பாவில் ஓபரா (மேடையில் பாடியே நடிக்கும் இசை நாடகம்) பாடி மாதச் சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் பெரிய போட்டியிலும் முதல் பரிசு வாங்காதவர்கள்தான்.

24 வயதில் முதுகலை முடித்த சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) ஒருவர், இரண்டு போட்டிகளில் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டார், இனி வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் ஒரு நகர அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்து, அவர்கள் வேடங்களைப் பாடம் பண்ண வைப்பது என் வேலை. அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: தயவுசெய்து இப்போதே அவரை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

ஓபராவில் 24 சின்ன வயது. மைக் கிடையாது. அறுபது எழுபது பேர் வாசிக்கும் இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். அந்த மூச்சும் தசையும் நிலைப்பட முப்பதை ஒட்டி ஆகிவிடும். மோட்சார்ட்டின் பப்பகேனா, சூசன்னா போன்ற வேடங்களை இருபதுகளின் நடுவிலேயே பாடலாம். வாக்னரின் கனமான வேடமான இசோல்டேயை அந்த வயதில் தொட்டால் குரலே கெட்டுப்போகும். ஆகவே அடுத்த பத்து வருடம் அவர் எங்கே நின்று பாடப்போகிறார், அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இதற்கு ஜெர்மனி அளவுக்கு வழி செய்து வைத்திருக்கும் நாடு எனக்குத் தெரிந்து வேறில்லை. அரசும் நகராட்சியும் பணம் கொடுத்து நடத்தும் ஓபரா அரங்குகள் இங்கே சுமார் 80 இருக்கின்றன. பெர்லின், மியூனிக் மட்டுமில்லை. கீசன், ஹோஃப், ஓஸ்னாப்ரூக் போன்ற ஊர்களிலும் சொந்தப் பாடகர் குழு உண்டு. அதில் சேர்ந்தவருக்கு மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. பதிலுக்கு அரங்கு கொடுக்கும் வேடத்தைப் பாட வேண்டும். வெள்ளி இரவு வெர்டியின் ஓபரா, சனிக்கிழமை ஆபரெட்டா (பேச்சும் பாட்டும் கலந்த இலகுவான ஓபரா). டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலை 11 மணிக்கு 'ஹென்ஸல் உண்ட் கிரெட்டல்' என்ற தேவதைக் கதை ஓபரா. காலையில் அந்தக் குரலை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று பாடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் மூன்று பருவங்கள் (பருவம் என்பது அரங்கின் ஓராண்டு நிகழ்ச்சிக் காலம்) இப்படிப் பாடியவரிடம் பதினைந்து வேடமாவது கைவசம் இருக்கும். எந்தப் போட்டியும் அதைக் கொடுக்காது.

உலகப் புகழ்பெற்ற ஜெர்மன் டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) யோனாஸ் காஃப்மன் 1994இல் படிப்பை முடித்து இப்படித்தான் சார்ப்ரூக்கன் அரங்கில் சேர்ந்தார். அங்கே குரல் சிக்கலில் மாட்டி, வேறு ஆசிரியரிடம் போய்ப் பாடும் முறையையே மாற்றிக்கொண்டார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாகப் பாடியது 2006இல். அப்போது அவருக்கு 36 வயது.

இந்த வேலையின் கடினமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் பருவத்துக்குப் பருவம்தான் நீளும். அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றால் அக்டோபர் 31க்குள் அரங்கு சொல்லிவிட வேண்டும் (எட்டு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு அதற்கும் முன்பே). அரங்கை நடத்தப் புதிய தலைவர் வந்தால் ஒரே வீச்சில் பலருக்கு வேண்டாம் என்ற கடிதம் போகும். அக்டோபர் வந்தாலே ஒத்திகை அறையில் எல்லோர் முகமும் மாறிவிடும். அவர்களோடு தினமும் வேலை செய்கிறவனுக்கு அது வருடா வருடம் வலிக்கிறது. ஒரே அரங்கில் 15 வருடம் தாண்டினால் பெரும்பாலும் அனுப்ப முடியாது. அதனாலேயே பதினான்காம் வருடத்தில் சிலரை அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு வாசல் யாரும் எதிர்பாராத நாளில் திறக்கும். ஒரு பாடகருக்குக் காலையில் தொண்டை கட்டிவிட்டால், அதே வேடம் தெரிந்தவரைத் தேடி மற்ற அரங்குகளுக்கு ஃபோன் பறக்கும். கிடைத்தவர் ரயில் பிடித்து வந்து அன்று மாலையே பாடுவார். சில நேரம் அவர் மேடை ஓரம் நின்று பாட, உதவி இயக்குநர் வேடம் போட்டு நடிப்பார். இப்படி ஒரு இரவு நன்றாகப் பாடியவரை அந்த அரங்கு மறக்காது. ஆனால் வேடம் ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தால்தான் இந்த அழைப்பை ஏற்க முடியும்.

போட்டிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. நார்வேயின் சோப்ரானோ லிசே டேவிட்சன் 2015இல் ஓப்பராலியா, குயீன் சோனியா என்ற இரண்டு பெரிய போட்டிகளிலும் ஜெயித்தபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்ட குரல் அபூர்வம். மற்றவர்களுக்குப் போட்டி என்பது ஏஜெண்ட் ஒருவரின் காதில் விழுவதற்கான சந்தர்ப்பம், அவ்வளவே.

அமெரிக்கப் பாதை வேறு மாதிரி. பெரிய அரங்குகளின் பயிற்சித் திட்டங்கள்தான் அங்கே ஏணி. இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டெனர் ஷான் பணிக்கர், சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவின் ஆட்லர் திட்டத்தில் பயின்றவர். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா'வில் காந்தியாகப் பாடினார். முழுக்க சமஸ்கிருதத்தில் அமைந்த ஓபரா அது. பயிற்சி முடிந்தபின் அங்கே பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் பணம். பாடாத இரவுக்கு ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் அரங்குகள் மூடியபோது பெரிய பெயர்கள்கூட ஒரே வாரத்தில் வருமானம் இழந்ததற்கு இதுதான் காரணம். மாதச் சம்பளத்தில் இருந்த எங்கள் பாடகர்கள் அந்த வருடத்தைத் தாண்டினார்கள்.

அந்தப் பெண் இப்போது செய்ய வேண்டியவை: ஓபரா ஸ்டூடியோக்களுக்கு (அரங்குகள் இளம் பாடகர்களுக்கு நடத்தும் பயிற்சித் திட்டங்கள்) விண்ணப்பிக்கட்டும், பல இடங்களில் வயது வரம்பு முப்பதை ஒட்டித்தான் இருக்கும். ஐந்து ஆரியாக்களை (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு) தூக்கத்தில் எழுப்பினாலும் பாடும் அளவுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மோட்சார்ட், ஒன்று ஜெர்மன் மொழியில். ஜெர்மன் அரசு வேலைவாய்ப்புத் துறையின் கலைஞர் பிரிவான இசட்.ஏ.வி. பாடகர்கள் பாடுவதைக் கேட்டு அரங்குகளுக்குப் பரிந்துரைக்கிறது, கட்டணம் இல்லை. கோரஸ் (கூட்டாகப் பாடும் குழு) இடங்களையும் பார்க்கட்டும், அது பெரும்பாலும் நிலையான வேலை, கௌரவமான வேலை. ஜெர்மன் மொழியை நன்றாகப் பேசவே கற்றுக்கொள்ளட்டும். மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃபுளூட்'டிலும் ஆபரெட்டாக்களிலும் பாட்டுக்கு நடுவே பேச்சு வசனம் நிறைய வரும்.