மலைப்பாதையில் வீணை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆடிப்பெருக்கை ஒட்டி, கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலில் வீணை வாசிக்க அழைத்திருக்கிறார்கள். என்னுடையது தஞ்சாவூர் ஒட்டு வீணை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும், அதற்கு மேல் உள்ள குண்டும் குழியுமான சாலையையும் கடந்து, சேதமில்லாமல் காரில் எப்படிக் கொண்டு செல்வது? - வாசகி, நாமக்கல்.

பதில்: குடம், நீண்ட கழுத்தான தண்டி, அதன் நுனியில் உள்ள யாளி முகம் என மூன்று பகுதிகளைப் பொருத்திச் செய்ததே ஒட்டு வீணை; அதற்குப் பொருத்துகளே பலவீனமான இடங்கள். ஒரே பலா மரத்துண்டில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு அந்தக் கவலை குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கோயிலுக்குச் சென்றபோது, தண்டிக்கு அடியில் பொருத்தும் சுரைக்காயைக் கழற்றாமலே என் வீணையைப் பின் இருக்கையில் கிடத்திவிட்டேன். போய்ச் சேர்ந்து உறையைத் திறந்தபோது, குடமும் தண்டியும் சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல் ஓடியிருந்தது. மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டுகள் (தந்தியை அழுத்தி ஸ்வரம் எழுப்பும் குறுக்குக் கம்பிகள்) மெழுகோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அன்று வாசிக்க முடியாமல் திரும்பிய வருத்தம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே முதலில் சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். பெட்டிக்குள் வீணை அசையவே கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏனென்றால் பெரிய பள்ளம் ஒன்றில் ஒரு முறை குலுங்குவதைவிட, இரண்டு மணி நேரம் பெட்டிக்குள் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே வருவதுதான் பொருத்தை மெல்ல மெல்ல நெகிழ்த்தும். குடத்தைச் சுற்றியும், அந்தரத்தில் நிற்கும் தண்டிக்கு அடியிலும், கீழ்நோக்கி வளைந்த யாளியின் கழுத்துக்குப் பின்னாலும் பழைய பருத்திப் புடவைகளை மடித்து இறுக அடையுங்கள். மெட்டுகளுக்கும் தந்திகளுக்கும் இடையே நீளமான மெல்லிய துணிப்பட்டை ஒன்றைச் செருகிவிட்டால், குலுக்கலில் தந்தி மெட்டின் மேல் அடிக்காது.

காரின் பின்பக்க டிக்கியில் வைக்கவே வேண்டாம். பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு பள்ளமும் மிகுதியாகத் தூக்கிப் போடும். பின் இருக்கையில் குறுக்காக வைத்தால், சிறிய கார்களில் கதவைச் சாத்தும்போது யாளி முகத்தில் இடிக்க வாய்ப்புண்டு. முன்புற இருக்கையை முழுதாகச் சாய்த்து, குடம் பின் இருக்கையில் படியுமாறு நீளவாக்கில் கிடத்தி, பெட்டியை இருக்கைப் பட்டையால் கட்டுவது என் அனுபவத்தில் நல்ல முறை.

வெயிலையும் மறக்கக் கூடாது. 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகு உருகுவதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், 40 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். அடிவாரத்தில் சாப்பிட இறங்கி, சாத்திய காரை வெயிலில் நிறுத்தினால், அதன் பிறகு வரும் வளைவுகளில் மெட்டு நகரும். நகர்ந்த மெட்டைச் சரிசெய்ய, மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்கத் தெரிந்தவரைத்தான் தேடிப் போக வேண்டும். எனவே விடியற்காலையிலேயே புறப்படுங்கள்.

கேள்வி: பயணத்தின்போது தந்திகளை முழுவதும் தளர்த்திவிடலாமா? - வாசகர், சேலம்.

பதில்: கூடாது. பல வீணைகளில் தந்திகளின் அழுத்தத்தால்தான், அவற்றைத் தாங்கும் குதிரை தன் இடத்தில் நிற்கிறது. முழுவதும் தளர்த்தினால் அது நகர்ந்து பலகையைக் கீறும். ஓரிரு ஸ்வரம் இறங்கும் அளவுக்கு, தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருப்பினால் போதும். மலை மேல் சேர்ந்ததும், குளிர்ந்த காற்றுக்கு மரம் பழகும்வரை அரைமணி நேரமாவது பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்து, அதன் பிறகு சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் பிருடை இறுகி நின்றால் வலிந்து திருகாமல், சிறிது வெளியே இழுத்து மெல்லத் திருப்புங்கள்.