மூன்று கார்டுதானே?

கேள்வி: அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஹௌலின் உல்ஃபின் லண்டன் ஆல்பத்தில் 'ரெட் ரூஸ்டர்' பாட்டுக்கு முன்னால் ஓர் ஒத்திகைத் துண்டு வருகிறது. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் சந்தேகம் கேட்க, உல்ஃப் கிட்டாரை எடுத்து விளக்குகிறார். ப்ளூஸ் என்பது மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு), பன்னிரண்டு பார் (தாளத்தின் ஓர் அலகு). ஆறு மாதம் கிட்டார் பழகியவனுக்கே இது தெரியும். கிளாப்டனுக்குத் தெரியாதா? ஆல்பத்தை விற்பதற்காகப் போட்ட நாடகம் என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: நாடகம் இல்லை. அந்த ஆல்பத்தில் எதையாவது தூக்கிப் போட வேண்டுமென்றால் பிற்பாடு சேர்த்த ஊதுகருவிகளைத் தூக்கிப் போடலாம். ஒத்திகை இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் தொடக் கூடாது.

உங்கள் வாதத்தையே இன்னும் கொஞ்சம் பலமாக்கித் தருகிறேன். அன்று கிளாப்டனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸின் பேஸ் கலைஞர் பில் வைமனும் டிரம்மர் சார்லி வாட்ஸும். இதே பாட்டை அவர்கள் 1964இலேயே பதிவு செய்து, அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கே பாட்டு நடுவில் எங்கே மாறுகிறது என்பதில் குழப்பம் வந்தது. ஏன் வந்தது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

புத்தகத்தில் இருக்கும் பன்னிரண்டு பாரை 'ஏ' சுருதியில் எழுதிப் பாருங்கள். ஏ கார்டு நான்கு பார், டி இரண்டு, மறுபடி ஏ இரண்டு, பிறகு ஈ ஒன்று, டி ஒன்று, ஏ இரண்டு. பாருக்கு நான்கு பீட் என்றால் மொத்தம் 48. ஓர் ஆவர்த்தனம் முடிந்தது. இது குழுவாக வாசிப்பவர்களுக்கான ஒப்பந்தம். ஆனால் உல்ஃப் இந்த ஒப்பந்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவரல்ல. 1910இல் மிசிசிப்பியில் பிறந்து, 1930 வாக்கில் ப்ளூஸ் முன்னோடி சார்லி பேட்டனிடம் நேரடியாகக் கற்றவர். அந்த மரபில் பாடகரே கிட்டாரையும் வாசிப்பார், பெரும்பாலும் தனியாகவே. ஒரு வரியைப் பாடுவார், அதற்குக் கிட்டார் பதில் சொல்லும். பதில் நீண்டால் இரண்டு பீட் கூடும். அடுத்த வரி தொண்டைக்கு முன்கூட்டியே வந்துவிட்டால் இரண்டு பீட் குறையும். பதினொன்றரை பாரிலும் முடியும், பதின்மூன்றிலும் முடியும். தனியாக வாசிப்பவருக்கு இதில் தவறென்று ஒன்று கிடையாது. குரலும் கையும் ஒரே ஆளுடையவை, இரண்டும் சேர்ந்தே நகரும்.

பேஸும் டிரம்ஸும் சேரும்போதுதான் சிக்கல். பேஸ்காரர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்து ஐந்தாம் பாரில் டி-க்குப் போகிறார். பாடகரோ இன்னும் ஏ கார்டிலேயே வரியை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஏ கார்டுக்குள் இருக்கும் சி ஷார்ப்பும் பேஸ் பிடித்த டி-யும் அரை ஸ்வரத் தூரத்தில் நின்று ஒன்றையொன்று கடிக்கும். டிரம்மர் பன்னிரண்டாம் பாரின் கடைசியில் வழக்கம்போல ஓர் உருட்டல் போடுவார். பாடகர் ஒரு பீட் முன்னால் நுழைந்துவிட்டால் அந்த உருட்டல் அடுத்த வரியின் முதல் சொல்லை மூடிவிடும். யாருமே தப்பாக வாசிக்கவில்லை, ஆனால் பாட்டு உடைந்துவிட்டது.

விருத்தம் பாடும்போது மிருதங்கம் சும்மா இருக்கும், வயலின்காரர் பாடகரின் வாயைப் பார்த்துக் காத்திருப்பார். ப்ளூஸ் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. தாளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பாடகரின் மூச்சுக்கும் இடம் விட வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒத்திகையைத் திரும்பக் கேளுங்கள். 'நீங்களும் கூடவே கிட்டார் வாசித்தால் எங்களுக்குப் பின்தொடர எளிதாக இருக்கும்' என்ற பொருளில்தான் கிளாப்டன் கேட்கிறார். அந்தக் கோரிக்கையில் தெளிவு இருக்கிறது. பாடகரின் வாயைப் பார்த்து கார்டு மாறும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கார்டு ஒலிப்பதற்குச் சற்று முன்பே இடது கை கிளம்பிவிடும். அந்த அரை பீட் முன்னறிவிப்பு போதும், மூன்று பேரும் ஒன்றாக மாறிவிடலாம். உல்ஃப் எண்ணிக் காட்டி, மாறும் இடத்தைச் சொல்கிறார். கார்டுகளின் பெயர் பற்றி அங்கே பேச்சே இல்லை. கணக்கு பற்றித்தான் பேச்சு. 1961இல் சிகாகோவில் இதே பாட்டைப் பதிவு செய்தபோதும் ஸ்லைடு கிட்டார் (தந்திமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) வாசித்தவர் அவரேதான். அவருடைய கை அந்தப் பாட்டின் ஓர் உறுப்பு.

இந்தப் பாடம் கிளாப்டனுக்குப் புதிதல்ல என்பதையும் கவனியுங்கள். 1963 டிசம்பரில், 18 வயதில், யார்ட்பேர்ட்ஸ் குழுவோடு லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் சன்னி பாய் வில்லியம்சனுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். அந்தப் பதிவு கிடைக்கிறது. குழு விறைப்பாக நிற்பது காதுக்கே தெரியும். ஏழாண்டு கழித்து வெட்கப்படாமல் ஒரு கேள்வி கேட்டாரே, அதைத்தான் வளர்ச்சி என்கிறேன்.

இனி அந்த அறைக்குள் போவோம். 1970 மே முதல் வாரம், லண்டன் பார்ன்ஸ் பகுதியில் ஒலிம்பிக் ஸ்டுடியோ. தயாரிப்பு நார்மன் டேரன், ஒலிப்பதிவு கிளின் ஜான்ஸ். உல்ஃபுக்கு 59 வயது, இதய நோயாளி. கிளாப்டனுக்கு 25. முதல் நாள் வாட்ஸும் வைமனும் வர முடியாததால் டிரம்ஸில் ரிங்கோ ஸ்டாரும் பேஸில் கிளாவ்ஸ் ஃபோர்மனும் உட்கார்ந்தார்கள். இந்தப் பெயர்களைப் போட்டால் விற்கும் என்று உல்ஃபின் இசைத்தட்டு நிறுவனமான செஸ் கணக்குப் போட்டது உண்மை. அந்த அளவுக்கு உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சொல்ல மறக்கும் பெயர் ஹூபர்ட் சம்லின். சிகாகோவில் உல்ஃபுக்குப் பல்லாண்டுகள் கிட்டார் வாசித்தவர், பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை) இல்லாமல் வெறும் விரலால் மீட்டுபவர். அவரை லண்டனுக்கு அழைத்துவரச் செலவழிக்க நிறுவனத்துக்கு மனமில்லை. வேண்டும் என்று வற்புறுத்தியவர் கிளாப்டன். பதிவில் சம்லின் தாள கிட்டாருக்கு ஒதுங்கிக்கொண்டார், முன் கிட்டார் கிளாப்டனுக்குப் போயிற்று. எனக்கு இதில் வருத்தம் உண்டு. என்றாலும் உல்ஃபின் மூச்சை அளந்து வைத்திருந்த ஓர் ஆள் அறையில் இருந்ததால்தான் மற்றவர்களுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

கெட்டது எங்கே? டேப்புகள் சிகாகோ போன பிறகு சில பாட்டுகளில் பியானோவும் ஊதுகருவியும் மேலே ஏற்றினார்கள். லஃபயெட் லீக்கின் பியானோவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் செஸ்ஸின் வீட்டு ஆள் மாதிரி. ஊதுகருவிகள்தான் உல்ஃப் விட்ட இடைவெளிகளை அடைக்கின்றன. பாடியதற்குப் பதில் வர வேண்டிய இடம் அது, அங்கே கூட்டம் சேர்ந்தால் குரல் சின்னதாகிவிடுகிறது. 1971 டிசம்பரில் சிகாகோ ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸும் இதேபோல் லண்டன் வந்து ரோரி கேலகர், மிட்ச் மிட்செல் போன்றவர்களோடு பதிவு செய்தார். அந்த ஆல்பம் கிராமி விருதே வாங்கியது. ஆனாலும் பையன்கள் கெட்டிக்காரர்கள், இது என் சத்தம் இல்லை என்ற கருத்தைத்தான் மட்டி பிறகு வெளிப்படுத்தினார். திறமை குறைந்ததால் வந்த குறை அல்ல அது. எப்போது காத்திருப்பது என்பதில் வந்த குறை.

நீங்கள் குழுவில் வாசிப்பவர் என்றால் இப்படிச் செய்து பாருங்கள். பாடகர் தனியாகக் கிட்டாரோடு இரண்டு சுற்று பாடட்டும், மற்றவர்கள் பாதத்தால் பீட் மட்டும் தட்டுங்கள். குரல் நுழையும் பீட்டையும் கை மாறும் பீட்டையும் தாளில் குறியுங்கள். அடுத்து பேஸ் மட்டும் சேரட்டும், கண் பாடகரின் இடது கையிலேயே இருக்க வேண்டும். டிரம்மர் கடைசியாக வரட்டும், முதல் நாள் உருட்டலே வேண்டாம். முன் கிட்டார்காரருக்கு ஒரே விதி: வரி நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான்கு பாரில் ஏறத்தாழ இரண்டு பார் பாடகருடையது, மீதிதான் அவருடையது. புதிதாக வாசிப்பவர்கள் பாதிப் பேர் விழுவது இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் 1961 பதிவையும் ஸ்டோன்ஸின் 1964 பதிவையும் 1970 லண்டன் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு, மூன்றுக்கும் இதே தாளை நிரப்புங்கள். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.