சிங்கவால் குரங்கு பின்னாடி மூணு வருஷம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வால்பாறை பக்கம் சிங்கவால் குரங்குங்க எப்படி நடந்துக்குதுன்னு மூணு வருஷம் பாத்து எழுதி இப்பதான் தீசிஸ் குடுத்துட்டு வீட்ல உக்காந்திருக்கேன். வைவா, அதான் தீசிஸ் பத்தின வாய்மொழித் தேர்வு, இன்னும் வரல, கையில நேரம் இருக்கு, கேளுங்க.

அக்கா, நான் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். குரங்கு ஆராய்ச்சிக்கு எந்த கோர்ஸ் படிக்கணும்?

குரங்குக்குன்னு தனி கோர்ஸ் தேடாதம்மா. எம்.எஸ்சி. வைல்ட்லைஃப் பயாலஜி போதும், நம்ம ஊர்லயே மயிலாடுதுறை ஏ.வி.சி. காலேஜ்லயும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலயும் இருக்கு. வெளிய போக முடிஞ்சா டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட், பெங்களூர் என்.சி.பி.எஸ். உயிரியல் ஆராய்ச்சி நிலையம், ஆனா அங்க சீட்டு ரொம்ப கம்மி, வருஷா வருஷம் எடுப்பாங்கன்னும் நம்ப முடியாது, அறிவிப்ப பாத்துட்டே இருக்கணும். இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு பண்ணு. உன் தெருவுல இல்ல பக்கத்து கோயில்ல நாட்டுக்குரங்கு இருக்கும்ல, ஒரு நோட்டு எடுத்துட்டுப் போய் பத்து நாள் காலையில மூணு மணி நேரம் உக்காந்து பாரு. நாலாவது நாளே போர் அடிச்சுதுன்னா இந்த வேலை வேணாம், அத இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது. அப்புறம் ஸ்டாடிஸ்டிக்ஸ். நான் அதுக்கு பயந்து ஓடி, கடைசியில தீசிஸ்ல பாதி நாள் அதுகூடத்தான் மல்லுக்கட்டினேன்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? சும்மா பாத்துட்டே இருப்பீங்களா?

பாத்துட்டேதான் இருப்போம், ஆனா சும்மா இல்ல. நேத்து சாயங்காலம் கூட்டம் எந்த மரத்துல தூங்கப் போச்சோ அந்த மரத்தடியில விடியறதுக்கு முன்னாடியே போய் நிக்கணும், லேட் ஆனா கூட்டம் நகந்துடும், அப்புறம் மத்தியானம் வரைக்கும் காடு முழுக்க காத தீட்டிட்டு அலையணும். கூட்டம் கிடைச்சதும் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கண்ணுல படுற ஒவ்வொண்ணும் என்ன பண்ணுது, திங்குதா, நடக்குதா, பேன் பாக்குதா, தூங்குதான்னு குறிக்கணும், இதுக்குப் பேரு ஸ்கேன் சாம்ப்ளிங். ஒரே குரங்க மட்டும் குறிப்பிட்ட நேரம் விடாம பின்தொடர்ந்தா அது ஃபோகல். விலங்குங்கள எப்படி பாத்துக் குறிக்கணும்னு ஜீன் ஆல்ட்மன்ங்கிற ஆராய்ச்சியாளர் 1974-ல எழுதின ஒரு கட்டுரைதான் எங்க எல்லாருக்கும் அரிச்சுவடி. ஏன் இவ்வளவு கட்டுப்பாடுன்னா, நம்ம இஷ்டத்துக்கு எழுதினா சண்டையும் சேர்க்கையும் மட்டும்தான் கண்ணுல படும். அப்படி எழுதினா குரங்கு நாள் முழுக்க அடிச்சுக்குதுன்னு முடிவு வரும். நிஜத்துல அது பாதி நாள் பூச்சி தேடிட்டும் வெடிப்பலா மரத்துல உக்காந்தும் இருக்கும்.

அட்டை பத்தி கேக்காதீங்க. மழைக்காலத்துல சாக்ஸ் மேல மூக்குப்பொடி தடவிட்டுப் போவேன், அப்பவும் ராத்திரி கால்ல ரத்தம் இருக்கும்.

எல்லா குரங்கும் ஒரே மாதிரி இருக்கே, எப்படி அடையாளம் தெரியும்?

முதல் ஒரு மாசம் எனக்கும் ஒரே மூஞ்சிதான். அப்புறம் கிழிஞ்ச காது, மடங்கின விரல், வால் நுனி குஞ்சத்தோட அளவுன்னு ஒவ்வொண்ணா பிடிபடும். கூட வந்த காடர் பழங்குடி அண்ணன் ஒருத்தர் மரக்கிளை ஆடுறத பாத்தே இது அந்த பெரிய ஆண்தான்னு சொல்லிடுவாரு, நான் பைனாகுலர தூக்குறதுக்குள்ள. ரெண்டு பொட்டைங்கள மாத்தி மாத்தி எழுதி ஒரு மாச டேட்டாவ நான் குப்பையில போட்டிருக்கேன், அத கைடுகிட்ட சொல்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு.

எங்க தோப்புல தேங்காய் மிஞ்சல மேடம், குரங்குங்க மொத்தமா நாசம் பண்ணுது. இதுங்கள வேற காப்பாத்தணுமா?

உங்க கோபம் நியாயம் சார். ஆனா உங்க தோப்புக்கு வர்றது நாட்டுக்குரங்கு, அது ஊரோட பழகினது. நான் பாக்குறது வேற. சிங்கவால் குரங்கு உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, காட்டுல இருக்கிறது நாலாயிரத்துக்கும் கம்மின்னுதான் கணக்கு. பொட்டை ஆறு வயசு தாண்டித்தான் முதல் குட்டி போடும், அடுத்த குட்டிக்கு ரெண்டரை வருஷம் போல ஆகும், அதனால ரோட்டுல ஒரு தாய் அடிபட்டாலும் அந்தக் கூட்டம் தேற வருஷக்கணக்கு ஆகும். களக்காடு சரணாலயம் 1976-ல வந்ததே இதுக்காகத்தான், கேரளால சைலன்ட் வேலி அணை வேணாம்னு நடந்த சண்டையிலயும் இந்தக் குரங்குதான் முன்னாடி நின்னுச்சு.

கன்சர்வேஷன்னு சொல்றீங்களே, நேர்ல என்னதான் பண்றாங்க?

வால்பாறை புதுத்தோட்டத்துல சுமார் 90 ஹெக்டேர் காட்டுத்துண்டு, சுத்தி தேயிலையும் காபியும், நடுவுல ரோடு. மரத்துல இருந்து மரத்துக்கு தாவ வழி இல்லாததால கூட்டம் ரோட்டுல இறங்குது, அடிபடுது. அதனால ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்காங்க, தீயணைப்பு ஹோஸ் பைப்ப வெச்சு. கூட்டம் இறங்குற நேரம் வண்டிய நிறுத்தி மெதுவா போகச் சொல்ல உள்ளூர் ஆளுங்கள காவலுக்கு போட்டிருக்காங்க, என்னக் கேட்டா பாலத்தவிட இவங்க பண்றதுதான் பெரிய வேலை, பேரு மட்டும் பாலத்துக்குப் போகுது. மிச்சமெல்லாம் குப்பைத்தொட்டிக்கு மூடி, சமையக்கட்டு ஜன்னலுக்கு வலை, டூரிஸ்ட் கையில சிப்ஸ் பாக்கெட் இல்லாம பாக்குறது, அவ்வளவுதான்.

ஒரு எஸ்டேட் லைன் வீட்ல போய் சோத்துப்பானைய மூடி வைங்கக்கான்னு கிளாஸ் எடுத்தேன். அந்தக்கா கேட்டாங்க, "எனக்கு வந்து சொல்றியே, கூரை ஓட்ட மாத்தி கதவ ஒழுங்கா போட்டுத் தரச் சொல்லி தொரகிட்ட சொன்னியா?" நான் சொல்லல. அன்னிக்கு வரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. தீசிஸ்ல மனுஷங்க பத்தி ஒரு அத்தியாயம் சேந்தது அந்தக் கேள்வியாலதான்.

சம்பளம்? வீட்ல என்ன சொன்னாங்க?

நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட்ல சேந்தா இத விட கம்மியாதான் வரும். வரும்னு சொன்னேனே தவிர மாசாமாசம் வரும்னு சொல்லல, எனக்கு ஒருமுறை ஆறு மாசம் வரல, மளிகைக் கடை அண்ணாச்சி கணக்குலதான் ஓடுச்சு. அம்மா இன்னமும் சொந்தக்காரங்ககிட்ட "ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்ல வேலை"ன்னுதான் சொல்றாங்க.

நான் திருகோணமலை. இஞ்ச இருந்து கொண்டு இதச் செய்யலாமோ?

தாராளமா. உங்களுக்குப் பக்கத்துலயே பொலன்னறுவையில 1968-ல இருந்து வுல்ஃப்கேங் டிட்டஸ் செங்குரங்குகள பாத்துட்டு வர்றாரு, ஒரே கூட்டங்கள தலைமுறை தலைமுறையா பின்தொடர்ந்த ஆராய்ச்சி உலகத்துலயே கொஞ்சம்தான், அதுல அது ஒண்ணு. செங்குரங்கும் ஊதாமுக மந்தியும் இலங்கையில மட்டும்தான் இருக்கு. எங்களுக்கெல்லாம் பொறாமைதான்.

தேவாங்கு மேல ஆராய்ச்சி பண்ணலாமா?

பண்ணுங்க, ஆள் கம்மி. கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூர்ல 2022-ல தேவாங்குக்குன்னே 11,806 ஹெக்டேர்ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. சிவப்பு வெளிச்ச ஹெட்லைட்டும் ராத்திரி முழிக்கிற உடம்பும் வேணும், வனத்துறை அனுமதிக்கு பொறுமையும்.

கடிச்சா என்ன பண்ணுவீங்க?

கடிக்கிற தூரத்துக்கே போகக் கூடாது. ரேபிஸ் ஊசி முன்னாடியே போட்டுக்கணும், பையில சாப்பாடு வெளிய தெரியவே கூடாது. கர்நாடகா பக்கம் போனா உண்ணி கடிச்சு வர்ற குரங்குக் காய்ச்சலும் இருக்கு, செத்த குரங்கு கிட்ட போகாதீங்க.

குரங்குங்களுக்கு உங்கள அடையாளம் தெரியுமா?

நானும் தெரியும்னுதான் பெருமையா நெனச்சிருந்தேன். ரெண்டு வருஷம் ஒரே பச்சை மழைக்கோட்டு. அது கிழிஞ்சு போய் ஒரு நாள் நீலக் கோட்டு போட்டுட்டுப் போனா, கெழட்டு ஆண் ஒரு சத்தம் குடுத்துச்சு, மொத்தக் கூட்டமும் மேல ஏறிப் போயிடுச்சு, அன்னிக்கு ஒரு வரி டேட்டா இல்ல. பழைய கோட்ட ஒட்டுப் போட்டு மறுநாள் போனேன்.