பேட்டரியை மாற்றும் முன் இணைப்புகளை அளந்து பாருங்கள்

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "படகின் முன்முனையான அணியத்தில் 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் விளக்கு. வெளிச்சம் மங்கல். எரியவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் பேட்டரி முனையில் 12.4 வோல்ட், விளக்கு முனையில் 10.4, கரண்ட் 4.2 ஆம்பியர். பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதும் 12.4 காட்டும் பேட்டரியால் இந்த மங்கல் வராது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது வேறு சோதனை.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். விளக்கின் தடை 10.4 ÷ 4.2, சுமார் 2.5 ஓம். திறன் 10.4 × 4.2, சுமார் 44 வாட். ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் வோல்ட் இறங்கினால் இழையின் சூடு தணிந்து வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். 12 வோல்ட்டில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது. விளக்கை எரியவிட்டு அளந்தது நல்லது. அணைத்துவிட்டு மீட்டரை ஓம் பக்கம் வைத்திருந்தால், குளிர்ந்த இழை அந்த 2.5 ஓமில் பத்தில் ஒரு பங்குதான் காட்டியிருக்கும்.

இனி வழியில் தொலைந்த 2 வோல்ட். 2 ÷ 4.2 = 0.48 ஓம். 2 × 4.2 = 8.4 வாட், அத்தனையும் வெறும் சூடு. ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, பேட்டரியிலிருந்து அணியம் வரை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12 மீட்டர், மீட்டருக்கு 0.012 ஓம் வீதம் 0.14 ஓம்தான் வரும். மிச்சம் 0.34 ஓம் இணைப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே மட்டும் 4.2 × 4.2 × 0.34, அதாவது 6 வாட். முறுக்கி டேப் சுற்றிய ஒரே இடத்தில் இவ்வளவு சூடு இறங்கினால் டேப் உருகும். பக்கத்தில் டீசல் கேன் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் செம்பு களிம்பு பிடிக்க அதிக நாள் ஆகாது.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, விளக்கு எரியும்போதே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனைகளைத் தொடுங்கள். பேட்டரி லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் காது), பியூஸ், சுவிட்ச், நடு முறுக்கு, விளக்கு ஹோல்டர் எல்லாவற்றையும் பாருங்கள். கருப்பு (நெகட்டிவ்) ஒயரை விட்டுவிடாதீர்கள், பாதி இழப்பு அதில் இருக்கலாம். நல்ல இணைப்பில் ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்குதான் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டுவதுதான் குற்றவாளி. மீட்டரின் ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகியபடி பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள், உறைக்குள்ளும் கறுத்திருக்கும். வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, லக் நசுக்கி, உள்ளே பசையுள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினால் ஒயர் இழப்பு சுமார் 0.4 வோல்ட்டில் நிற்கும், விளக்குக்கு ஏறக்குறைய 12 வோல்ட் போய்ச் சேரும். பேட்டரி பாசிட்டிவ் ஓரத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள்.