டோரஸின் சரிவு எங்கே தொடங்கியது?

கேள்வி: பணத்துக்கு ஆசைப்பட்டு இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான லிவர்பூலை விட்டு, இன்னோர் இங்கிலாந்துக் கழகமான செல்சீக்குப் போனதால்தான் ஸ்பெயின் வீரர் ஃபெர்னாண்டோ டோரஸின் ஆட்டம் கெட்டது என்று, லிவர்பூல் ரசிகரான என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். செல்சீக்குப் போன பிறகுதானே அவர் கோப்பைகளை வென்றார் என்பது என் வாதம். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: செல்சீயில் டோரஸ் சோபிக்கவில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பிரிட்டிஷ் கழகம் எதுவும் அதுவரை ஒரு வீரருக்குக் கொடுத்திராத 5 கோடி பவுண்டு விலையில் 2011 ஜனவரி 31 அன்று அங்கே சென்றவர், தம் முதல் கோலை அடிக்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லிவர்பூலுக்காக 142 ஆட்டங்களில் 81 கோல்கள் அடித்தவர், செல்சீக்காக 172 ஆட்டங்களில் அடித்தவை 45 மட்டுமே.

ஆனால் அந்தச் சரிவு செல்சீயில் தொடங்கியது என்பதை நான் ஏற்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் 2008 இறுதியாட்டத்தில், ஸ்பெயினுக்காக ஜெர்மனிக்கு எதிராக அவர் அடித்த கோலை நினைத்துப் பாருங்கள். சக வீரர் சாவி முன்னே தள்ளிய பந்தை நோக்கி, ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் லாம் தமக்கு முன்னே நின்றபோதும் ஓடி முந்தி, வெளியே பாய்ந்து வந்த கோல்காவலர் லேமனின் மேலாகத் தூக்கிவிட்டார். அவருடைய ஆட்டம் முழுவதும் அந்த முதல் நான்கைந்து எட்டுகளின் வேகத்தில்தான் இருந்தது. 2010-இல், ஒரே ஆண்டின் ஜனவரியிலும் ஏப்ரலிலும், அவருடைய முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2009-10 சீசனில் 22 லீக் ஆட்டங்களில் அவர் அடித்த 18 கோல்களும் அந்த இரண்டாவது அறுவைக்கு முந்தியவை. முழுதாகத் தேறாத காலோடு தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக்குச் சென்று, ஏழு ஆட்டங்களிலும் களமிறங்கி, ஒரு கோலும் அடிக்காமல், இறுதியாட்டத்தில் மாற்று வீரராக வந்து மீண்டும் காயமடைந்தார். அதன் பிறகு லிவர்பூலில் எஞ்சியிருந்த அரை சீசனில் 23 லீக் ஆட்டங்களில் 9 கோல்கள். லிவர்பூலின் சிவப்புச் சட்டையில் இருந்தபோதே அவர் பழைய டோரஸ் இல்லை.

கால் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2011 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் அவர்களுடைய கோல்காவலர் டே ஹேயாவை ஏமாற்றிக் கடந்து, திறந்து கிடந்த கோல் வாயிலுக்கு வெளியே பந்தை அடித்தாரே, அது வேகம் குறைந்தவரின் தவறன்று. தன்னம்பிக்கை தளர்ந்தவரின் தவறு. இத்தனைக்கும் அதே ஆட்டத்தில் அழகான கோல் ஒன்றும் அடித்திருந்தார்.

சீசனின் நடுவில் விட்டுப் போனவர், செல்சீக்காக ஆடிய முதல் ஆட்டமே லிவர்பூலுக்கு எதிரானது என்பதால், உங்கள் அண்ணனின் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆயினும் லிவர்பூலில் டோரஸ் இருந்த மூன்றரை ஆண்டுகளில் அக்கழகம் ஒரு கோப்பையும் வெல்லவில்லை என்பதையும் அண்ணன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 2012-இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில், பார்சிலோனாவுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி நேரத்தில் தனியாக ஓடிச் சென்று அவர் கோலடித்ததும், மியூனிக்கில் நடந்த அதன் இறுதியாட்டத்தில் செல்சீயின் த்ரோக்பா சமன்செய்த கோலுக்கு வழிவிட்ட கார்னரைப் பெற்றுத் தந்ததும், அதே ஆண்டு யூரோ இறுதியில் ஒரு கோல் அடித்து சக வீரர் மாட்டாவுக்கு மற்றொன்றை அமைத்துக் கொடுத்ததும் உண்மையே. ஆனால் மூன்று ஆட்டங்களிலும் அவர் மாற்று வீரராகத்தான் வந்தார். அந்த யூரோவில் மூன்றே கோல்களோடு, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பெற்றதற்கும், அத்தனை கோல்கள் அடித்த மற்றவர்களைவிடக் குறைந்த நிமிடங்கள் ஆடியிருந்ததே காரணம்.

அண்ணனிடம் 2010-11 சீசனின் லிவர்பூல் ஆட்டங்களை எடுத்துக் காட்டுங்கள். அந்த நவம்பரில் செல்சீக்கு எதிராகவே டோரஸ் இரண்டு கோல்கள் அடித்த ஆட்டத்தை அவர் உடனே பதிலுக்கு எடுத்து வைப்பார். அதற்கும் தயாராக இருங்கள்.