டாக்டராகப் போகும் பெண்ணுக்கு சோஷியாலஜி எதற்கு?

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து கிரீன் கார்டில் வந்து டெக்சாஸில் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் வீடு எடுத்து, சாமான் பிரித்து முடிப்பதற்குள் மகளின் காலேஜ் கவலை வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பாப்பா யூடி டல்லாஸில் (டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம்) பயாலஜி சேர்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள், ஆனால் விருப்பப் பாடங்களில் சோஷியாலஜி (சமூகவியல்), ஸ்பானிஷ், டிராயிங் என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் அனாட்டமி, மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி எடுத்தால் மெடிக்கல் ஸ்கூலில் சேரும்போது நாலு அடி முன்னால் நிற்பாளே என்பது உங்கள் கேள்வி. பாப்பாவின் பட்டியலை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். அவள் எதை எப்போது எடுக்கிறாள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு, நீட், நேராக எம்பிபிஎஸ். அதனால் பயாலஜியைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் நேரம் வீண் என்று நமக்குத் தோன்றும். இங்கே நாலு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற பொது விண்ணப்பம் இருக்கிறது. அவர்கள் பொதுவாகக் கேட்பது பயாலஜி 14 கிரெடிட் (வகுப்பு நேரத்தை வைத்துத் தரும் புள்ளி), ஜெனரல் கெமிஸ்ட்ரி 8, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 8, பிசிக்ஸ் 8, பயோகெமிஸ்ட்ரி 3, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 3, இங்கிலீஷ் 6. ஸ்கூலுக்கு ஸ்கூல் கொஞ்சம் மாறும். கூட்டிப் பார்த்தால் 50 வருகிறது. பட்டத்துக்கு வேண்டியதோ 120.

மீதியில் ஒரு பெரிய பங்கை மாநிலச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. டெக்சாஸின் எந்த அரசுப் பல்கலைக்கழகத்திலும் 42 கிரெடிட் பொதுப்பாடம் கட்டாயம். அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, கலை 3, சமூக அறிவியல் 3 என்று போகும் (பயாலஜி, இங்கிலீஷ் போன்றவை இரண்டு கணக்கிலும் வரும், பயப்பட வேண்டாம்). பாப்பா கேட்கும் சோஷியாலஜி பெரும்பாலும் இந்தச் சமூக அறிவியல் கணக்கிலேயே அடங்கிவிடும். டிராயிங் அந்தக் கலைக் கணக்கில் வருமா என்பதை மட்டும் அட்வைசரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் காலேஜ் ஆள்) கேட்டுக்கொள்ளட்டும், ஓவிய வகுப்பு எல்லாமே அதில் வராது.

அப்புறம் மெடிக்கல் ஸ்கூலில் சேர எழுத வேண்டிய எம்கேட் தேர்வு. 2015-இல் அதை மாற்றியமைத்தார்கள். இப்போது நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 118-லிருந்து 132 வரை மதிப்பெண், மொத்தம் 528. நாலில் ஒரு பகுதி முழுக்க சைக்காலஜியும் சோஷியாலஜியும்தான். கொஞ்சம் பயாலஜி கலந்திருக்கும், அவ்வளவே. இன்னொரு பகுதியில் தத்துவம், வரலாறு, கலை, சமூகம் பற்றிய கட்டுரைகளைக் கொடுத்து, 90 நிமிடத்தில் 53 கேள்வி கேட்பார்கள். அறிவியலே வராது. நம் பிள்ளைகள் கெமிஸ்ட்ரி பகுதியில் அள்ளிவிட்டு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைச் சரிக்கட்ட முடியாது. கனமான கட்டுரைகளை வாராவாரம் படித்து, அதைப் பற்றி எழுதி, வகுப்பில் வாதாடிப் பழகியவர்களுக்குத்தான் அந்தப் பகுதி கைவரும். அதற்கு ஒரு தத்துவ வகுப்போ வரலாற்று வகுப்போ போதும். மெடிக்கல் எதிக்ஸ் கிடைத்தால் விடவே வேண்டாம்.

ஸ்பானிஷைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பல வருடமாக ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாக (மூச்சுக் கோளாறுக்குச் சிகிச்சை தருபவர்) இருக்கிறேன். டெக்சாஸில் பத்தில் நாலு பேர் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள். ஆஸ்துமாவோடு ஒரு பாட்டி வந்திருந்தார். இன்ஹேலர் ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று இங்கிலீஷில் யார் கேட்டாலும் "சி, சி" (ஸ்பானிஷில் ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டினார். போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டபோதும் அதே பதில். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் வந்த இளம் ரெசிடென்ட் (பயிற்சியில் இருக்கும் டாக்டர்) நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பானிஷில் இரண்டு வார்த்தை குடும்பக் கதை பேசிவிட்டு, "எப்படி எடுப்பீர்கள், காட்டுங்கள்" என்றாள். பாட்டி மருந்தை வாயில் அடித்த அதே நொடியில் ஊதி வெளியே விட்டார். மருந்து நெஞ்சுக்குள் போகவே இல்லை. அதுவரை எல்லோரும் மருந்தின் அளவைக் கூட்டலாமா என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் ஸ்பானிஷ் படித்தது காலேஜில், விருப்பப் பாடமாக.

மெடிக்கல் ஸ்கூலிலும் மெடிக்கல் ஸ்பானிஷ் என்று வகுப்பு வைப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் படிப்புச் சுமையில் அ, ஆ-விலிருந்து ஒரு மொழியைத் தொடங்க நேரம் ஏது? இப்போது நாலு செமஸ்டர் படித்தால் பேச்சு வந்துவிடும். ஒரு செமஸ்டரோடு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

டிராயிங் கேட்டதும் உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும், புரிகிறது. யேல் மெடிக்கல் ஸ்கூல் தன் மாணவர்களையே ஓவியக் காட்சியகத்துக்கு அனுப்பி, ஒரு படத்தின் முன்னால் நிறுத்தி, கண்ணில் பட்டதை எல்லாம் விவரிக்கச் சொல்கிறது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளியின் படங்களில் கூடுதலாகக் கவனித்தார்கள் என்று 2001-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மெடிக்கல் ஸ்கூலோ 1987-லேயே இலக்கியம், வரலாறு படிக்கும் பிள்ளைகளை எம்கேட்டும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் இல்லாமல் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் படித்து டாக்டர்களாகியிருக்கிறார்கள். ஒன்று மட்டும், டிராயிங் போன்ற ஸ்டுடியோ வகுப்பு 3 கிரெடிட்தான் என்றாலும் வாரத்துக்கு ஆறு மணி நேரம் வகுப்பில் நிற்க வேண்டியிருக்கும். சுலபமான 'ஏ' என்று நினைத்து எடுக்கக் கூடாது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். அனாட்டமியை மெடிக்கல் ஸ்கூலில் முதலிலிருந்து, எல்லோருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலேஜில் நடக்கும் அனாட்டமி வகுப்பு பல இடங்களில் நர்சிங் மாணவர்களுக்கானது, அது அந்த 14 கிரெடிட்டில் சேராமலும் போகலாம். அறிவியலில் கூடுதலாக எதையாவது எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஜெனடிக்ஸ், பிசியாலஜி எடுக்கட்டும், இரண்டும் பிற்பாடு கைகொடுக்கும். இம்யூனாலஜி பிடித்திருந்தால் எடுக்கட்டும், போட்டியில் முந்துவதற்காக வேண்டாம். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போட்டுப் பார்ப்பார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோடு போராடும் செமஸ்டரில் இம்யூனாலஜியையும் ஏற்றினால் இரண்டிலும் 'பி' வாங்கி அந்த ஜிபிஏ இறங்கும். தேவையில்லாமல் எடுத்த பாடம்தானே என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பரிந்துரைக் கடிதத்தையும் இப்போதே நினைவில் வையுங்கள். கெமிஸ்ட்ரி வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியருக்குப் பாப்பாவின் முகம்கூடத் தெரியாது. ஸ்பானிஷ் வகுப்பில் இருபது பேர் இருந்தால் அதிகம். ஒரு வருடம் அவளைப் பேச வைத்துக் கேட்ட ஆசிரியர் எழுதும் கடிதம் தனியாகத் தெரியும். நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆபீஸ் அவரில் (பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்) போய்ப் பேசச் சொல்லுங்கள், இங்கே அதுதான் மரியாதை. இன்னொன்று, படிப்பு முடிந்ததும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டுமென்றால் மூன்றாம் வருடம் முடியும் மே மாதமே விண்ணப்பம் திறந்துவிடும். நாலாம் வருடத்துக்கு என்று ஒத்திவைக்கும் பாடத்தின் மதிப்பெண் விண்ணப்பத்தில் இருக்காது.

முதல் செமஸ்டரில் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், ஸ்பானிஷ் போதும். சோஷியாலஜி அடுத்த செமஸ்டரில், டிராயிங் இரண்டாம் வருடத்தில் பிசிக்ஸ் இல்லாத செமஸ்டரில். அமெரிக்க வரலாறும் அரசியலும் ஊரிலிருந்து வந்த பிள்ளைக்குப் புதுசு, படிக்க நிறைய இருக்கும், கோடையில் எடுத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு பாடம் சரிப்படாது என்று தெரிந்தால் செமஸ்டரின் 12-ஆம் வகுப்பு நாளுக்குள் விட்டுவிட வேண்டும், அதுவரை விட்டால் தடயமே இருக்காது. அதன்பின் விட்டால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி) விழும். அப்படி விடுவதற்கும் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் சேர்த்து மொத்தம் ஆறு முறைதான் அனுமதி.

அட்வைசரைப் பார்க்க நீங்களும் கூடப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. காலேஜில் சேர்ந்துவிட்டால் மகள் எழுத்தில் சம்மதம் தராமல் பொதுவாக அவள் மதிப்பெண்ணைக்கூட அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், 1974-லிருந்து சட்டம் அப்படி. அவளே போய்க் கேட்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று சாவகாசமாகக் கேளுங்கள். பாடங்களைப் பதிவுசெய்யும் முன் பட்டியலை அனுப்பினால் நானும் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன்.