பேரனுக்கு முதல் ரயில் செட்: பலகையிலிருந்து பாயின்ட் வரை

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரனுக்கு ஆறு வயது, ரயில் என்றால் உயிர். அமெரிக்காவில் இருக்கும் என் மகன் தீபாவளிக்கு வரும்போது எச்.ஓ. அளவு (அசலில் 87-ல் ஒரு பங்கு) மின்சார ரயில் செட் ஒன்று வாங்கி வருகிறான். மொட்டை மாடி அறை காலியாக இருக்கிறது. எட்டுக்கு நாலு ப்ளைவுட் வாங்கி, மலை, குகை, ஸ்டேஷன் எல்லாம் வைத்து முடித்த பிறகு பேரனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஆசை. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தியும் இருக்கிறாள். எப்படித் தொடங்குவது?
- வாசகர், திருச்சி

பதில்: ஐயா, மகன் செட்டை வாங்குவதற்கு முன்பே ஒன்று கேட்டு வையுங்கள். அதனுடன் வரும் அடாப்டரில் ‘இன்புட்’ என்ற இடத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? ‘100-240 வோல்ட்’ என்றிருந்தால் கவலை இல்லை, பின் மாற்றுகிற சின்ன பிளக் போதும். வெறும் ‘120 வோல்ட்’ என்றிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகவே கூடாது. கடையில் கிடைக்கும் பிளக் கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. அடாப்டர் சூடாகிப் புகைந்துவிடும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்து போகலாம். அமெரிக்காவிலிருந்து ஆசையாக வரும் செட்டுகள் இப்படித்தான் முதல் நாளே வீணாகின்றன.

120 வோல்ட் அடாப்டர்தான் என்றால் இரண்டு வழி உண்டு. 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அல்லது அதே ‘அவுட்புட்’ கொண்ட அடாப்டரை இங்கேயே வாங்கலாம். இங்கே வாங்கினால் வோல்ட் மட்டும் ஒத்துப்போனால் போதாது. சில செட்டுகளின் அடாப்டர் ஏ.சி. கொடுக்கும், சிலவற்றினுடையது டி.சி. கொடுக்கும். ஏ.சி.யா டி.சி.யா, எத்தனை ஆம்பியர், பின்னின் அளவு, டி.சி. என்றால் நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்று எல்லாம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

அடுத்தது இடம். மொட்டை மாடி அறை வேண்டாம். திருச்சி வெயிலில் மே மாதம் அந்த அறை கொதிக்கும். பிளாஸ்டிக் தண்டவாளப் படுகையும் பெட்டிகளும் சூட்டில் வளைந்தால் திரும்ப நேராகாது. பேரனும் அங்கே தானாக ஏறிப் போகமாட்டான். ஹாலில், ஜன்னல் வெயில் நேராக விழாத ஒரு மூலை போதும். தரையில் வைத்து ஓட்டுவதும் வேண்டாம். பெருக்கிய பிறகும் தரையில் தலைமுடி கிடக்கும். ஒரு நீளமான முடி இன்ஜின் அச்சில் சுற்றிக்கொண்டால் பல்சக்கரம் வரை போய் இறுகிவிடும். அதைப் பின்செட்டால் இழுத்து எடுப்பது பெரும்பாடு.

எட்டுக்கு நாலு பலகையை முழுதாக வைத்தால் அதைத் தூக்கவும் முடியாது, கதவு வழியே திருப்பவும் முடியாது. 12 மி.மீ. ப்ளைவுட்டைக் கடையிலேயே மூன்று துண்டாக அறுத்து வாங்குங்கள்: 4 அடிக்கு 3 அடியில் இரண்டு, மிச்சம் 4 அடிக்கு 2 அடியில் ஒன்று. பெரிய இரண்டுக்கும் அடியில் சுற்றிலும் 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர், நடுவில் குறுக்கே ஒன்று. ரீப்பர் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பலகை நடுவில் தொய்ந்துவிடும். இரண்டு பலகையையும் கிளாம்ப் போட்டுச் சேர்த்துப் பிடித்து, இரண்டு ரீப்பரையும் ஒன்றாகத் துளைத்து, விங் நட் வைத்த இரண்டு போல்ட் போடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் மேல்பரப்பு ஒரு மி.மீ. ஏறி இறங்கும், ரயில் அங்கே குதிக்கும். இப்போது 6 அடிக்கு 4 அடி மேடை தயார். விழாக்காலத்தில் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். உயரம் இரண்டிலிருந்து இரண்டே கால் அடி வைத்தால் ஆறு வயதுப் பிள்ளை நின்றபடியே எட்டிப் பிடிப்பான். சுவரோடு ஒட்டிப் போடாமல் நீளமான இரண்டு பக்கத்திலும் ஆள் நிற்க இடம் விடுங்கள். விளிம்பில் பலகைக்கு மேல் 2 அங்குலம் நிற்கும்படி ஒரு பட்டி அடியுங்கள், தடம் புரளும் இன்ஜின் தரைக்குப் போகாது.

அமெரிக்க எச்.ஓ. தொடக்கச் செட்டுகளில் பொதுவாக 18 அங்குல ஆரம் கொண்ட வளைவுத் துண்டுகள் 12 இருக்கும். அவை சேர்ந்தால் முழு வட்டம். நேர்த்துண்டு ஒவ்வொன்றும் 9 அங்குலம். பக்கத்துக்கு ஒன்று வைத்தால் 47-க்கு 38 அங்குல ஓவல் வரும். தனியாக நான்கு நேர்த்துண்டு வாங்கிவரச் சொல்லுங்கள். பக்கத்துக்கு மூன்று ஆனால் நீளம் 65 அங்குலம், உங்கள் 72 அங்குலப் பலகையில் சரியாக உட்காரும். தண்டவாளம் ‘நிக்கல் சில்வர்’ வகையா என்று பார்த்து வாங்கட்டும். மலிவான செட்டுகளில் எஃகுத் தண்டவாளம் வரும், ஈரக்காற்றில் அது துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டினால் எஃகு.

இனி, முன்கூட்டியே முடித்துக் காட்டும் ஆசைக்கு வருவோம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒட்டி முடித்த மலையும் ஸ்டேஷனும் இருந்தால் நாள் முழுக்க நீங்கள் ‘தொடாதே’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பலகையும் மின்சாரமும் உங்கள் வேலை. தண்டவாளம் பூட்டுவது அவன் வேலை. முதல் ஆறு மாதத்துக்கு ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். இன்று ஓவலாக இருப்பதை நாளை வட்டமாக்க அவனுக்குத் தோன்றும், ஆக்கட்டும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் இணைப்பு. நீங்கள் பார்த்துப் பழகிய ஃபிஷ் பிளேட் தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது. இங்கே அந்தச் சின்னத் தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மின்சாரம் அதன் வழியாகத்தான் அடுத்த துண்டுக்குப் போகிறது. பிள்ளைகள் பூட்டும்போது தண்டவாளத்தின் முனை தகட்டுக்குள் போகாமல் அதன் மேல் ஏறிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள், உட்பக்க விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும். தளர்ந்த தகட்டைக் குறடால் லேசாக அழுத்தி இறுக்கலாம்.

இன்ஜினை உடனே வைக்காதீர்கள். கனமான ஒரு பெட்டியை மட்டும் கையால் மெதுவாக ஒரு சுற்று தள்ளச் சொல்லுங்கள். குதித்த இடங்களில் சாக்பீஸ் கோடு போட்டுத் திருத்துங்கள். பிறகு இன்ஜின் மட்டும், பாதி வேகத்தில், முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி. அதன்பின் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். நான்கு போதும்.

மின்சாரம் ஏறும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் போகும்போது இன்ஜின் தளர்கிறதா? மோட்டார் மேல் பழி போடாதீர்கள், இணைப்புகளில் வோல்டேஜ் இறங்குகிறது. இன்ஜின் ஓடும்போதே இரண்டு பக்கமும் மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்துக்கு 0.75 சதுர மி.மீ. செம்பு வயர் இரண்டு இழுத்து இன்னொரு இணைப்புக் கொடுங்கள். அதற்கென்றே வரும் தண்டவாளத் துண்டும் கிடைக்கும். சால்டரிங் செய்வதானால் இணைப்புத் தகட்டைத் தனியே கழற்றி அதன் அடியில் செய்யுங்கள், தண்டவாளத்தில் செய்தால் பிளாஸ்டிக் உருகும். உள்தண்டவாளத்துக்குச் சிவப்பு என்றால் இரண்டு இடத்திலும் சிவப்பே. மாறினால் ஷார்ட் ஆகி கன்ட்ரோலர் கட் ஆகும்.

தடம் புரள்வதற்கு வீடுகளில் முக்கியக் காரணம் வேகம். 18 அங்குல வளைவு குறுகலானது, முழு வேகத்தை அது தாங்காது. எந்த வேகம் வரை ரயில் நிற்கிறது என்று நீங்கள் ஓட்டிப் பார்த்து, கன்ட்ரோலர் குமிழில் அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அது அவனுக்குப் புரியும். எட்டுச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் உட்கார வைப்பது சின்ன விரல்களுக்குக் கஷ்டம். ரோடு கிராஸிங் போன்ற வடிவில் ‘ரீரெயிலர்’ என்ற துண்டு வரும், பல செட்டுகளில் மின்சாரம் ஏறும் துண்டே அதுவாக இருக்கும். அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால் சக்கரம் தானே விழும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் அவன் உங்களைக் கூப்பிடாமல் தானே ஓட்டுவான். செட் வகையும் இதற்கு முக்கியம்: ராடுகள் வெளியே ஆடும் நீராவி இன்ஜின் பார்க்க அழகு, பிள்ளை கையில் ஒடியும். குட்டையான நான்கு அச்சு டீசல் இன்ஜினும் குட்டையான சரக்குப் பெட்டிகளும் வாங்கச் சொல்லுங்கள்.

பேத்தி விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கப்ளிங் (பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் இணைப்பு), சக்கரம் எல்லாம் அவள் வாய்க்குள் போகிற அளவு. ஓட்டி முடித்ததும் இன்ஜினும் பெட்டிகளும் அலமாரிக்கு. எச்.ஓ. செட்டுகளின் பெட்டியில் பெரும்பாலும் 8 வயது அல்லது அதற்கு மேல் என்றே போட்டிருக்கும். ஆகவே ஆறு வயதுக்காரனோடு பெரியவர் ஒருவர் எப்போதும் உட்கார வேண்டும். தண்டவாளத்தில் இருப்பது குறைந்த வோல்டேஜ், தொட்டால் ஆபத்தில்லை. ஆனால் சுவர் சுவிட்சும் அடாப்டரும் பெரியவர் கையில்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இன்ஜின் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும்போது, தண்டவாளத்தைத் துடையுங்கள். பவரை நிறுத்திவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணி போதும். சக்கரத்துக்கு இயர் பட்ஸ். ஆல்கஹால் தீப்பிடிக்கக்கூடியது, காய்ந்த பிறகே சுவிட்ச் போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கவே கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். தேங்காய் எண்ணெய் வைக்கும் யோசனையும் வேண்டாம், பிசுக்காகிவிடும்.

ஸ்டேஷன், மரம் எல்லாம் அட்டையில் அவனே வெட்டட்டும். தெர்மாகோல் வேண்டாம், அதன் துகள் பல்சக்கரத்துக்குள் போகும். பிளாட்பாரத்தை நேர்ப்பகுதியில் வையுங்கள். குகை செய்தால் பின்பக்கம் கை நுழைய முழுதாகத் திறந்திருக்கட்டும்.

அடுத்துப் பணம் செலவழிப்பதானால் ஒரே ஒரு பாயின்ட் (ரயிலை வேறு தடத்துக்குத் திருப்பும் துண்டு), கையால் தள்ளுவது, கூடவே ஒரு சைடிங், அதாவது பெட்டிகளை நிறுத்தும் பக்கத்தடம். மிச்சமான 4-க்கு 2 பலகை அதற்குத்தான். இரண்டு பெட்டியைக் கழற்றி சைடிங்கில் விட்டு, வேறு இரண்டை மாட்டிப் போகும் ஷண்டிங், சுற்றிச் சுற்றி ஓடுவதைவிட அவனை நெடுநேரம் பிடித்து வைக்கும். பாயின்ட்டைப் பாதியில் விடாமல் ‘டக்’ என்று முழுதாகத் தள்ளப் பழக்குங்கள். ரயில் திரும்பி வந்த தடத்திலேயே சேரும் லூப் மட்டும் போடாதீர்கள். இடது தண்டவாளம் அங்கே வலது தண்டவாளத்தோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். பிற்பாடு பெட்டி வாங்கும்போது கப்ளிங்கைப் பாருங்கள். அமெரிக்கச் செட்டில் பெரும்பாலும் மடக்கிய விரல் போன்ற நக்கிள் வகை, பிரிட்டிஷ் பெட்டிகளில் கொக்கி வகை, இரண்டும் மாட்டாது. 16.5 மி.மீ. கேஜ் ஒன்றாக இருப்பதால் தண்டவாளத்தில் ஓடும், இன்ஜினோடு சேராது.